தழும்பு வளர்ந்தால் வெட்டிவிடலாமா?

(பெண்களுக்கான மருத்துவ விளக்கக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



அன்பிற்குரிய தாய்மார்களே, சகோதரிகளே! திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வாப்பாமார்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சென்ற மாதம் மருத்துவ உதவி கேட்டு ஒரு தாய் வந்தார். மகளுக்குக் காதில் இரண்டாவது துளை போட்ட இடத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. யாரோ சொன்னார்களென்று ஓரிடத்தில் வெட்டி எடுத்திருக்கிறார்கள். சில மாதத்தில் அது நெல்லிக்காய் அளவில் திரும்பி வந்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள், "இது தொற்றுமா, புற்றுநோயா?" என்று கேட்டுவிட்டுப் போனார்களாம்.

இரண்டும் இல்லை. இதன் பெயர் கீலாய்டு. காயம் ஆறும்போது தோலை இணைக்க உடல் கொலாஜன் என்ற நாரை உண்டாக்குகிறது. சிலருக்குக் காயம் ஆறிய பிறகும் அந்த வேலை நிற்பதில்லை. தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டிப் படர்கிறது, அரிக்கும், வலிக்கும். தீக்காயத் தழும்பு பெரும்பாலும் காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நின்று, நாளடைவில் ஓரளவு அமுங்கும். கீலாய்டு அப்படித் தானாக அமுங்குவது அரிது.

காது, நெஞ்சு, தோள்பட்டை, தாடை ஆகிய இடங்களில் அதிகம் வரும். மாநிறம், கறுப்பு நிறத்தவருக்கும், குடும்பத்தில் ஏற்கெனவே உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். நம் பாட்டிமார்கள் காது முழுக்கக் குத்தி அலுக்கத்து போட்டிருந்தார்கள். அதில் எல்லோருக்கும் இது வந்ததா? இல்லை. ஆனால் உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ இருந்தால், மகளுக்குக் கூடுதல் துளை வேண்டாம் என்பதே என் கருத்து. முதல் துளையையும் 11 வயதுக்கு முன்பே போடுவது நல்லது.

சிகிச்சைக்கு வருவோம். வெட்டி மட்டும் எடுத்தால் பாதிப் பேருக்காவது திரும்ப வருகிறது. பெரும்பாலும் முதலில் தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்; 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, பல தடவை. வலிக்கும், அந்த இடம் சற்று வெளுக்கலாம். சிலிக்கான் ஒட்டுத்தாளை நாளுக்கு 12 மணி நேரமாவது, மாதக்கணக்கில் ஒட்ட வேண்டும். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால், அதோடு ஊசியோ, காதை அழுத்திப் பிடிக்கும் கிளிப்போ, சிலருக்குக் கதிர் சிகிச்சையோ சேர்ப்பார்கள். இரண்டு ஊசியோடு நின்றுவிடுவதுதான் நம்மவர்களின் வழக்கம்! சுண்ணாம்பு, ஆசிட் வைத்துச் சுடுவது புதுக் காயம். அதிலும் கீலாய்டு வரும்.

"இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா ஹஜ்ரத்?" என்று அந்தத் தாய் கேட்டார். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியில் மூக்கு செய்து வைத்தார்கள்; அது நாற்றமெடுத்தது. ஆண்களுக்குத் தங்கம் கூடாது என்றிருந்தும், தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். நோயையும் ஊனத்தையும் சரிசெய்வது வேறு, அழகுக்காக உடலை மாற்றுவது வேறு.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. அங்கே போய்வர பஸ் செலவுக்கும் சிலிக்கான் தாளுக்கும் டிரஸ்ட் உதவும். அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருப்பேன். பிள்ளையை அழைத்து வர வேண்டியதில்லை; தாய் வந்து விவரம் சொன்னால் போதும்.