யாத்திரையும் கிராமக் கைத்தொழிலும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்தபின், குடும்பத்தோடு நான்கு தலங்களைத் தரிசித்து வருவது நம் நாட்டு வழக்கம். முன்பு வண்டி கட்டிக்கொண்டு சென்றோம். இன்று பேருந்திலும் வேனிலும் செல்கிறோம். தஞ்சை, கும்பகோணம், மதுரை, இராமேசுவரம், கன்னியாகுமரி என்று சுற்றி வருகையில், வீட்டிலிருப்போருக்கு ஏதேனும் ஒரு பொருள் வாங்காமல் எவரும் திரும்புவதில்லை. அந்தச் சிறு பொருளைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். இதை அற்ப விஷயம் என்று எண்ணவேண்டாம். சந்நிதித் தெருவில் நாம் கொடுக்கும் பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தே, பல ஊர்களில் தறி ஓடுவதும் உலை எரிவதும் இருக்கின்றன.

கோயில் வாயிற் கடைகளைச் சற்றுக் கவனியுங்கள். பிளாஸ்டிக் பொம்மை, முலாம் பூசிய சாவிக் கொத்து, அச்சடித்த படம் என்று எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். இவற்றில் பெரும்பாலானவை எங்கோ உள்ள தொழிற்சாலைகளிலிருந்து மூட்டையாக வந்தவை. ஆனால் அதே கடைத்தெருவிலிருந்து சிறிது தூரம் நடந்தால், தலைமுறை தலைமுறையாக அவ்வூருக்கே உரிய தொழிலைச் செய்து வருவோரின் வீடுகளைக் காணலாம். நாம் அங்கே போவதில்லை. போகவேண்டும் என்று நமக்கு எவரும் சொல்வதுமில்லை.

ஊருக்கு ஒரு தொழில்

திருநெல்வேலிச் சீமையில் பத்தமடை என்னும் ஊர் பாய்க்குப் பெயர் பெற்றது. தாமிரபரணிப் பகுதியில் விளையும் கோரையை உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்தி நூற் பாவில் நெய்கிறார்கள். உயர்ந்த ரகப் பாயைத் துணியைப் போல மடித்து எடுத்துச் செல்லலாம். அத்தகைய பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் உழைப்பு வேண்டும்.

கும்பகோணத்திற்கு அருகில் சுவாமிமலையில் விக்கிரகம் வார்க்கிறார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். பின்னர்ச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அவ்விடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண் அச்சை உடைத்து விக்கிரகத்தை எடுத்து, உளி கொண்டு செதுக்கி முடிப்பர். அச்சு உடைந்துபோவதால், ஓர் அச்சுக்கு ஒரு விக்கிரகமே உண்டு. அண்மையிலுள்ள நாச்சியார்கோயிலோ, உச்சியில் அன்னம் அமர்ந்த பித்தளைக் குத்துவிளக்குக்குப் புகழ் பெற்றது.

தஞ்சைத் தலையாட்டி பொம்மையை அறியாதவர் யார்? அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும், மேற்பாகம் காகிதக் கூழால் இலேசாகவும் அமைந்திருப்பதால், எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது நிமிர்ந்துவிடுகிறது. மதுரைச் சுங்குடிப் புடவையும் பவானி ஜமக்காளமும் இவ்வாறே ஊர்ப் பெயரோடு ஒன்றிப்போனவை.

இத்தொழில்களுக்கு வேண்டிய கோரையும் பனையோலையும் களிமண்ணும் நம் நிலத்திலும் நீர்க்கரையிலும் கிடைப்பவை. ஆகவே கைத்தொழில் நலிந்தால் அதற்குப் பொருள் தரும் குடியானவனுக்கும் நஷ்டமே.

அசலை அறிவது எப்படி?

பெயர் பெற்ற பொருளுக்குப் போலியும் உண்டு. முடிச்சுக் கட்டிச் சாயம் தோய்த்த சுங்குடியில் புள்ளிகள் சற்றே ஏறுமாறாக இருக்கும். புதுத் துணியில் முடிச்சவிழ்த்த சுருக்கமும் தெரியும். அச்சிட்ட புடவையிலோ புள்ளிகள் யாவும் ஓரளவாய், துணி தட்டையாய் இருக்கும். ஜமக்காளம், 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று. ஆயினும் விசைத்தறியில் நெய்ததைப் பவானி என்று விற்போர் உளர். கைத்தறி முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குவது நலம்.

1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், ஓர் ஊரின் பெயரால் புகழ் பெற்ற பொருளுக்குப் பாதுகாப்பளிக்கிறது. நான் மேலே சொன்ன பத்தமடைப் பாய், சுவாமிமலை விக்கிரகம், நாச்சியார்கோயில் விளக்கு, தஞ்சைப் பொம்மை, மதுரைச் சுங்குடி, பவானி ஜமக்காளம் ஆகிய யாவும் அக்குறியீட்டைப் பெற்றவை. ஆனால் சட்டம் மட்டும் போலியை ஒழித்துவிடாது. வாங்குபவர் கேட்டுத் தெளிந்து வாங்கினால்தான் அது பயன் தரும். செய்பவர் வீட்டிற்குச் செல்ல இயலாதவர்கள், 1973-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் நிலையங்களிலும், 1935 முதல் இயங்கிவரும் கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் வாங்கலாம்.

பேரமும் நியாயமும்

பேரம் பேசுவது தவறு அன்று. ஆனால் நெல்லை வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கும்போது நம் மனம் என்ன பாடுபடுகிறது என்பதை நாம் அறிவோம். ஒரு மாதம் தறியில் குனிந்திருந்த பெண்ணிடம் நாமும் அவ்வாறே கேட்கலாமா? “இதைச் செய்ய எத்தனை நாள் ஆயிற்று? கோரைக்கும் சாயத்திற்கும் என்ன செலவு?” என்று முதலில் கேளுங்கள். அந்நாட்களுக்கு நம் ஊர்க் கூலியைக் கணக்கிட்டுப் பாருங்கள். சொன்ன விலை நியாயமா, அல்லவா என்பது தானே விளங்கும். வண்டியோட்டியும் வழிகாட்டியும் அழைத்துச் செல்லும் கடைகள் சிலவற்றில், அவர்களுக்குரிய தரகும் நம் தலையில்தான் விழுகிறது என்பதை மறவாதீர்கள்.

வாங்கலாகாத பொருள்களும் உள்ளன. கடற்கரைத் தலங்களில் சங்கு, சிப்பிப் பொருள்களுக்கிடையே பவளமும் கடற்குதிரையும் காட்டி எவரேனும் விற்க முன்வந்தால் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது குற்றமாகும். ‘பழங்காலத்துச் சிலை, மலிவாகத் தருகிறேன்’ என்று இரகசியமாகச் சொல்வோரிடமும் நெருங்கவேண்டாம். அது எந்தக் கோயிலிலிருந்து பெயர்த்ததோ! புதிதாக வார்த்த விக்கிரகத்தை, உரிய இரசீதுடன் வாங்குவதே முறை.

ஊராட்சிகள் செய்யக்கூடியவை

இதுவரை பயணிகளாக உங்களிடம் பேசினேன். இனி ஊராட்சியின் பொறுப்பாளர்களாக உங்களை வேண்டிக்கொள்கிறேன். நாம் பிற ஊர்களுக்குச் செல்வது போலவே, நம் ஊர்த் திருவிழாவுக்கும் சந்தைக்கும் பிறர் வருகிறார்கள் அல்லவா?

பொதுச் சந்தைகளை அமைத்துப் பராமரிப்பது, 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சிகளுக்கு அளித்துள்ள பணிகளுள் ஒன்று. அச்சந்தையில், தாம் செய்த பொருளைத் தாமே விற்க வருவோருக்கு நிழலுள்ள ஓர் இடத்தை ஒதுக்குங்கள். பத்துப் பானை கொண்டுவரும் குயவரும், லாரியில் சரக்கு இறக்கும் வியாபாரியும் ஒரே கட்டணம் கட்டுவது நியாயமாகாது. குத்தகை ஏலத்திற்கு முன்பே இதை மன்றத்தில் பேசி முடிவு செய்யுங்கள். திருவிழாக் கடைகளுக்கு இடம் கொடுக்கும்போதும் உள்ளூர்க் கைவினைஞரை முதலில் அழையுங்கள்.

மண்பாண்டம் செய்வோருக்கு மண்ணே மூலதனம். ஏரி, குளங்களிலிருந்து களிமண்ணையும் வண்டலையும் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் முறை 2024-இல் கொண்டுவரப்பட்டது. இதனை அறியாத குயவர் பலர் இருக்கலாம். விண்ணப்பம் எழுத அவர்களுக்குத் துணை நில்லுங்கள். மேலும், நம் ஊரில் கூடை முடைவோர், பாய் நெய்வோர், மரம் இழைப்போர் யார் யார் என்று ஒரு பட்டியல் தயாரித்து, கிராம சபையில் படியுங்கள். அவர்கள் வீடு எங்கே என்று காட்டும் பலகை ஒன்றைப் பெருவழியில் நாட்டுங்கள். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

நண்பர்களே, கைத்தொழிலாளியின் மகன் தந்தையின் தொழிலைக் கற்க மறுத்து நகரத்துக்குப் போவதைக் கண்டு வருந்துகிறோம். வருத்தத்தால் அவனை நிறுத்த முடியாது. தொழிலில் வயிறு நிறையும் என்று அவன் கண்ணால் காணவேண்டும். அடுத்த முறை யாத்திரை செல்லும்போது, கடைத்தெருவில் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையாவது, பொருளைச் செய்தவர் கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். நம் சந்தைக்கு வருவோரும் நம்மவர் கையில் அவ்வாறே கொடுத்துச் செல்ல வழி செய்யுங்கள்.