பொறி பிறக்கும் நேரம்

மத்திய அந்தமானில் ரங்கத்தை அடுத்த எராட்டா துறையிலிருந்து படகேறி, ஒரு கோடையில் நாம் லாங் ஐலண்டுக்குச் சென்றிருந்தோம். அங்கே தமிழ்க் குடும்பம் ஒன்றின் காய்கறித் தோட்டம் நீரின்றி வாடிக்கொண்டிருந்தது. பெட்ரோலில் ஓடும் சிறிய பம்பு எஞ்சின் நின்றுபோயிருந்தது.

"பிளக்கை மாற்றியாயிற்று, ஐயா. பொறியும் நன்றாக வருகிறது. ஆனால் கயிற்றை இழுத்தால் கையையே பிடுங்குகிறது" என்றார் வீட்டுக்காரர்.

பொறி வந்தால் மட்டும் போதுமா? எப்போது வருகிறது என்பதன்றோ கேள்வி!

1876-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஓட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு எஞ்சினின் வழிவந்ததே இச்சிறு எஞ்சினும். பிஸ்டன் முதல் வீச்சில் எரிகலவையை உள்ளிழுக்கிறது, இரண்டாவதில் அழுத்துகிறது, மூன்றாவதில் கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது, நான்காவதில் புகை வெளியேறுகிறது.

கலவை ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. ஆகவே பிஸ்டன் உச்சியை எட்டுமுன்னரே, பெரும்பாலும் 20 முதல் 30 பாகை முன்னதாக, பொறி பிறக்க வேண்டும். நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் 20 பாகை என்பது ஒரு விநாடியில் 900-இல் ஒரு பங்கே.

ஊஞ்சலை ஆட்டுவோர் இதனை எளிதில் உணர்வர். அது நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் கை நோகும். வெகுதூரம் சென்றபின் தள்ளினால் வேகம் சேராது. பொறி மிக முந்தினால் எஞ்சின் உதைக்கும். பிந்தினால் வலுவிழந்து சூடேறும்.

இந்நேரத்தை நிர்ணயிப்பது பிளைவீலில் பதித்த காந்தம். அது காயிலைக் கடக்கும்போதுதான் பொறி எழுகிறது. தண்டின்மீது பிளைவீல் நிற்கவேண்டிய இடத்தைக் காட்டுவது 'கீ' என்னும் சிறு உலோகத்துண்டு.

நடந்தது இதுதான்: குழாய்வழி வந்த கல்லொன்று பம்பைச் சட்டென நிறுத்திவிட்டது. தண்டு நின்றது, கனமான பிளைவீலோ வேகத்தினால் சற்றே முன்னேறி, கீயை நறுக்கிவிட்டது. அன்றுமுதல் காந்தம் முந்தியது, பொறியும் முந்தியது.

பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டு மெக்கானிக் பிளைவீலைத் திறந்தார். பாதி அறுந்த கீ கைக்கு வந்தது. ரங்கத்திலிருந்து புதியது வந்ததும், இரண்டாம் இழுப்பிலேயே எஞ்சின் ஓடியது. மாலைக்குள் பாத்திகள் நனைந்தன.

உங்கள் எஞ்சின் கயிற்றைப் பிடுங்குமாயின், மீண்டும் மீண்டும் இழுத்துக் கையை முறித்துக்கொள்ள வேண்டாம். பொறியைப் பார்த்ததோடு நில்லாமல், அதன் நேரத்தையும் பாருங்கள்.