தீப்பெட்டி விலையும் யுன்னான் மின்வெட்டும்



2021-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. அதற்கு முன் கடைசியாக ஏறியது 2007-இல். ஐம்பது காசுக்கு விற்றது ஒரு ரூபாயானது. இடையில் பதினான்கு ஆண்டுகள். அரிசி, பருப்பு, டீ, பஸ் டிக்கெட் என்று எல்லாமே ஏறிய காலத்தில், ஒற்றை ரூபாய் நாணயத்தை நீட்டி வாங்கக்கூடிய பொருளாகத் தீப்பெட்டி நின்றது. 2021 அக்டோபரில் உற்பத்தியாளர் சங்கங்கள் சிவகாசியில் கூடி விலையேற்ற முடிவெடுத்தன. செய்தி வந்ததும் கைப்பேசிகளில் வாதமும் வந்துவிட்டது.

அந்த மாதிரி வாதம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பெட்ரோல் விலையை ஏற்றிய ஒன்றிய அரசுதான் காரணம் என்பார் ஒருவர். சென்னையில் ஆட்சி மாறியதால் வந்த வினை என்பார் இன்னொருவர். முதலாளிகள் கூடிப் பேசி வைத்த விலை என்பார் மூன்றாமவர். எல்லாவற்றுக்கும் சீனாதான் காரணம் என்று ஒரு படம் வந்து விழும். “வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்தாச்சு, தீப்பெட்டி எதுக்கு மாமா?” என்று ஓர் இளைஞர் கேட்பார். “கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டுப் பேசாத மாப்ள, இங்க வந்து பாரு” என்று பதில் வரும்.

பார்க்கத்தான் வேண்டும். இன்று நான் பேச வந்தது அதைத்தான். அரசியல், எரிசக்தி, அன்றாடத் தொழில்நுட்பம் என்று மூன்றாகப் பிரித்து வாதாடுகிறோம். ஒரு தீக்குச்சிக்குள் மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

குச்சி, கேரளத்திலிருந்து வரும் மென்மரம். நுனியில் இருக்கும் மருந்தில் முக்கியமானது பொட்டாசியம் குளோரேட். கூடவே கந்தகம், கண்ணாடித் தூள், வஜ்ஜிரப் பசை. மருந்துக்குக் கீழே குச்சி மெழுகில் தோய்ந்திருக்கும். அந்த மெழுகு இல்லாவிட்டால் மருந்து மட்டும் சீறி அணைந்துபோகும். நெருப்பு மரத்துக்கு இறங்காது. பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். உரசும்போது அதில் துளியளவு வெள்ளைப் பாஸ்பரஸாக மாறி, காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்கிறது. பாஸ்பரஸை இப்படிப் பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது, 1844-இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் குஸ்தாவ் எரிக் பாஷ் கண்ட வழி.

இனி இவை எங்கிருந்து வருகின்றன என்று பாருங்கள். மெழுகு, கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைப்பது. குளோரேட்டுக்குப் பொட்டாஷ் உப்பு வேண்டும். இந்தியா அதற்கு இறக்குமதியையே நம்பியிருக்கிறது. அந்த உப்பைக் குளோரேட்டாக்க மின்சாரம் வேண்டும், நிறைய வேண்டும். பாஸ்பரஸ் இன்னும் பெரிய மின்சாரத் தீனிக்காரன். பாறையை மின் உலையில் உருக்கி, சிவப்புப் பாஸ்பரஸுக்கு மூலமான மஞ்சள் பாஸ்பரஸ் ஒரு டன் எடுக்க ஏறத்தாழ 14,000 யூனிட் ஆகிறது. 2021-இல் நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த அளவிலேயே ஒரு குடும்பம் காலம் தள்ளினால், 14,000 யூனிட் இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு வரும்.

2021 செப்டம்பரில் சீனாவின் யுன்னான் மாகாண அரசு ஓர் உத்தரவு போட்டது. மின்பயன்பாட்டைக் கட்டுப்படுத்த, ஆண்டு முடியும்வரை மஞ்சள் பாஸ்பரஸ் உற்பத்தியை ஆகஸ்டில் இருந்ததில் பத்து சதவீதத்துக்கு மேல் போகாமல் குறைக்க வேண்டும் என்றது. உலகப் பாஸ்பரஸில் பெரும்பங்கு விளையும் நாட்டில், அதில் முதன்மையான மாகாணம் அது. விலை எகிறியது. அதே மாதங்களில் கச்சா எண்ணெயும் கொரோனாக் காலச் சரிவிலிருந்து மீண்டு பீப்பாய் 80 டாலரைத் தாண்டியது. அந்த அக்டோபரில் நம் உற்பத்தியாளர்கள் சொன்ன கணக்கைக் கேளுங்கள். சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ரூபாய். மெழுகு 58-லிருந்து 80. வெளிப்பெட்டி அட்டை 36-லிருந்து 55, உள்பெட்டி அட்டை 32-லிருந்து 58. ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த செலவின்மேல் யுன்னானும் வந்து உட்கார்ந்தது. டெல்லி, சென்னை, முதலாளி என்று விரல் நீட்டியவர்கள் யாருக்கும் இது முழுசாகத் தெரிந்திருக்கவில்லை. சீனா என்று சொன்னவர் ஓரளவு நெருங்கினார்; ஆனால் அவர் திட்டியது வேறு காரணத்துக்கு.

சரி, ஒரு பொருளின் விலை பதினான்கு ஆண்டுகள் அசையவில்லை என்றால், செலவு ஏறிய ஒவ்வொரு முறையும் எதையோ அழுத்தித்தானே சமாளித்திருப்பார்கள்? மெழுகு விலையை உலகம் வைக்கிறது, வரியை அரசு வைக்கிறது. அழுத்தக்கூடியதாக மிஞ்சுவது கூலி. அந்தக் கூலிக்காரர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

சிவகாசிக்குத் தெற்கே வெம்பக்கோட்டைப் பக்கம் போனால் அந்த வாழ்க்கை தெரியும். மானம் பார்த்த கரிசல். வைப்பாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் தெரியும் நாட்கள் அதிகம். வெள்ளாமையை நம்பி ஒரு வருஷத்தை ஓட்ட முடியாத மண்ணில், வீட்டுச் செலவுக்குப் பணம் வந்தது தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு செய்யும் பயர் ஆபீஸிலும். தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. காலையில் “ஆபீஸுக்குப் போறேன்” என்றுதான் கிளம்புவார்கள். குச்சியைக் கட்டையில் அடுக்குவது, பெட்டியில் அடைப்பது, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவது, எல்லாவற்றுக்கும் எண்ணிக்கைக் கணக்கில் கூலி. பயர் ஆபீஸில் கூலி கூட, பயமும் கூட. 2024 பிப்ரவரி 17-ஆம் தேதி வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் பத்துப் பேர் இறந்தார்கள். கூலி குறைந்தாலும் தீப்பெட்டி வேலையே போதும் என்று ஒரு தாய் மகளுக்குச் சொன்னால், அது இந்த ஊர்க் கணக்கு.

இந்த ஊருக்கு வெளியுலகம் புதிதும் அல்ல. 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளம் மேட்டில் அகழாய்வு தொடங்கியது. சங்கு வளையல்கள் வந்தன, சூதுபவள மணிகள் வந்தன. சங்கு கடலிலிருந்து வர வேண்டும்; சூதுபவளம் இந்தக் கரிசலில் கிடைக்கிற கல்லே அல்ல. எங்கிருந்தோ பொருளை வாங்கி, கையால் வேலை செய்து, எங்கோ விற்கிற பிழைப்பு இங்கே மிகப் பழையது.

இப்போது லைட்டருக்கு வருகிறேன். சண்டை அதிகம் நடக்கிற இடம் இதுதான்.

பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டிக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒன்றிய வணிக அமைச்சர் பியூஷ் கோயலுக்கு எழுதினார், தடை கேட்டார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு, அதிலும் பெரும்பாலும் பெண்களுக்கு, இந்தத் தொழில் நேரடி வேலை தருகிறது என்றும் சொன்னார். 2023 ஜூன் 29-ஆம் தேதி, 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு தடை போட்டது. பிறகு லைட்டரைப் பிரித்து உதிரி பாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டினார்கள். 2024 அக்டோபரில் அந்தப் பாகங்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. இரண்டு வேறு கட்சிகளின் அரசுகள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போன அபூர்வம் இது. நான் அதை வரவேற்கிறேன்.

ஆனால் ஏன் வரவேற்கிறோம் என்பதில் உண்மை வேண்டும். டீக்கடைக்காரர் லைட்டர் வாங்கியது தேசத்துரோகம் அல்ல. இருபது பெட்டி நாற்பது ரூபாய், லைட்டர் பத்து ரூபாய். அவர் கணக்குத் தெரிந்தவர். தீப்பெட்டி சுதேசி, லைட்டர் அந்நியம் என்ற வாதமும் நிற்காது. லைட்டருக்குள் இருப்பது பூட்டேன் வாயு, பெட்ரோலியப் பொருள். தீக்குச்சியின் மெழுகும் பெட்ரோலியப் பொருள்தான். இரண்டும் ஒரே கச்சா எண்ணெயின் பிள்ளைகள். வித்தியாசம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. எரிந்து முடிந்த குச்சி மண்ணோடு போய்விடும். தீர்ந்த லைட்டர் பிளாஸ்டிக்காகச் சாக்கடையில் கிடக்கும். அடுத்தது, ஒரு ஊரின் பெண்கள் கூலி வாங்குகிறார்களா இல்லையா என்பது. தடைக்கு நியாயம் இந்த இரண்டும்தான். இரண்டாவது நியாயத்தைச் சொல்லித் தடை வாங்கிய தொழில், அந்தப் பெண்களின் கூலியைக் கண்ணுக்குத் தெரிகிற அளவில் ஏற்றக் கடமைப்பட்டது.

கோயம்புத்தூர் மாப்பிள்ளை சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. 2006 தேர்தலுக்குப் பின் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016 மே மாதம் ஒன்றிய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. விறகுப் புகையில் கண் எரிந்து இருமிய அம்மாக்களுக்கு அது விடுதலை. அடுப்பைப் பற்றவைக்க ஒரு பொறி போதும். விசையை அமுக்கினால் உள்ளே ஒரு படிகம் அடி வாங்கி மின்பொறி கக்குகிறது. 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்ட பண்பு அது. 2012 வாக்கில் மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் இல்லாமல் எந்த வீடும் இருந்ததில்லை. இன்று அந்தத் தேவை குறைந்துவிட்டது. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள்; லைட்டரே வராமல் போயிருந்தாலும் தீப்பெட்டி விற்பனையைக் குறைத்திருக்கும். தடையை மட்டும் நம்பித் தொழில் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்கிற அரசியல்வாதி யாராக இருந்தாலும் பாதியைத்தான் சொல்கிறார். இன்னொன்று: அந்தச் சிலிண்டரிலிருக்கும் வாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது, பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. விசை அமுக்குகிற வீடும் உலக எரிசக்திச் சந்தையிலிருந்து தப்பவில்லை.

இவ்வளவும் சொல்வதால் வாதம் செய்வதே வீண் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தீப்பெட்டியின் வரலாற்றில் வாதம் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு காலத்தில் குச்சி நுனியிலேயே வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அதன் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. 1888-இல் லண்டன் பிரையன்ட் அண்ட் மே ஆலைப் பெண்களின் கூலியையும் அபராதத்தையும் நிலைமையையும் விசாரித்து ஒரு பெண்மணி பத்திரிகையில் எழுதினார். அடுத்த மாதம் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். எழுதியவர் பெயர் அன்னி பெசன்ட். பின்னாளில் சென்னை அடையாறில் வந்து வாழ்ந்து, ஹோம் ரூல் இயக்கம் தொடங்கிய அதே பெசன்ட் அம்மையார். 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913-இல் சட்டம் வந்தது. அதற்குப் பத்தாண்டு கழித்துத்தான், கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். நம் ஊர்ப் பெண்களுக்குத் தாடை அழுகும் நோய் வராமல் போனதற்கு, லண்டனில் யாரோ செய்த வாதமும் ஒரு காரணம்.

நம் பக்கமும் உண்டு. தீப்பெட்டி ஆபீஸ்களில் ஏழு எட்டு வயதுக் குழந்தைகள் விடியற்காலை வண்டியில் ஏற்றப்பட்ட காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குழந்தையை வேலைக்கு வைத்தவர் தலைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும். தொழிலே அழிந்துவிடும் என்று அன்றும் வாதாடினார்கள். தொழில் அழியவில்லை. பெசன்ட் எழுதியதும் மேத்தா தொடுத்ததும், வேலை செய்கிறவரின் உடம்பிலிருந்தும் கூலியிலிருந்தும் தொடங்கிய வாதங்கள். அதனால் அவை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நம் கைப்பேசி வாதம் கட்சியில் தொடங்கிக் கட்சியிலேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

கடைசியாக ஒரு செய்தி. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாடு தொழிலாளர் துறையில் நல வாரியம் இருக்கிறது. வீட்டில் இருந்து பெட்டி ஒட்டுகிறவர்கள், வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் இல்லாதவர்கள், 18 வயது முதல் 60 வயதுக்குள் இருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவி உண்டு. விபத்து நேர்ந்தால் இழப்பீடு உண்டு. அறுபதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. இணையத்தில் பதிவு செய்யலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம். உங்கள் தெருவில் பெட்டி ஒட்டுகிற அக்காவோ மதினியோ இன்னும் பதிவு செய்யாமல் இருந்தால், இந்த வாரமே அவருக்குச் செய்து கொடுங்கள்.