ஏலமலையில் ஒரு பாகப்பிரிவினை



எதிரணித் தங்கச்சி, "பாகம் பிரிச்சுத் தனிக்குடித்தனம் போயிட்டா வம்பே இல்லை"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தாங்க. நான் போடிநாயக்கனூர்க்காரன். எங்க ஊர்ல பாகம் பிரிச்ச கதை ஒண்ணு சொல்றேன். வீடு இல்லை, காடு இல்லை. செல்போன் டவர்! (சிரிப்பு)

2009-ஆம் வருஷம். எங்க மதினி ஏலக்காய் எடுக்க மலைக்குப் போனவங்க. விடிகாலையில ஜீப்புல ஏறினா, பொழுது சாயத்தான் இறங்குவாங்க. அன்னைக்கு மணி ஏழாச்சு, ஜீப் வரலை. போடிமெட்டுப் பாதையில மூடுபனி. எங்கம்மா வாசலுக்கும் தெருவுக்கும் நடக்கிறாங்க. நான் போன் போடுறேன், 'நெட்வொர்க் பிஸி'. இருபது தடவை போட்டேன். அதே பாட்டு.

பிறகு டவர் வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் விளக்கினார். அந்தக் காலத்துல ஒரு கம்பெனிக்கு ஆரம்பத்தில் கிடைத்தது 4.4 மெகாஹெர்ட்ஸ். பிரித்தால் 22 அலைவரிசை. ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர் பேசலாம். எப்படி? பந்தியில எட்டு இலை. பரிமாறுகிறவர் ஒருத்தர்தான். ஆனா அவர் சுத்துற வேகத்துல, ஒவ்வொருத்தரும் தன் இலையை விட்டு அவர் நகரவே இல்லைன்னு நினைச்சுக்கிறாங்க. (கைதட்டல்)

இந்த 22-ஐ வைத்துத்தான் மாநிலமே பேசணும். பக்கத்துப் பக்கத்து டவருக்கு ஒரே அலைவரிசை கூடாது. நம்ம ஊர்த் திருவிழாவுல ரெண்டு தெரு குழாய் ரேடியோவும் ஒண்ணா அலறின கதையாயிரும். தள்ளி இருக்கிற டவருக்கு அதையே மறுபடி கொடுக்கலாம். அதுலயும் மலையில கட்டின குழாய் அடிவாரம் வரைக்கும் கேக்குமில்ல? அதனால மலை டவருக்கு இன்னும் தள்ளி வைக்கணும்.

சரி, பாகம் பிரிச்சாச்சு. இவருக்கு இத்தனை, அவருக்கு இத்தனை. பகல்ல சனமெல்லாம் மலையில. ராத்திரி சனமெல்லாம் ஊருக்குள்ள. பாகம் மட்டும் நகரலை! அன்னைக்கு மேல டவர்ல பேச ஆளில்லை. கீழ டவர்ல பேச இடமில்லை. மதினி மேல, நாங்க கீழ.

இதுக்கு வழி இருக்குங்க. தன் பங்கு நிரம்பிட்டா, பக்கத்து டவர்ல சும்மா கிடக்கிற அலைவரிசையைக் கைமாத்தா வாங்கிக்கலாம். ஒரு நிபந்தனை: திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் சுத்துவட்டாரத்துல வேற யாரும் அதைத் தொடக்கூடாது. அண்ணன்கிட்ட வண்டியை வாங்கினா தம்பிகிட்டயும் சொல்லணும். கூட்டுக்குடும்பத்துல இதுதானே தொல்லை? (சிரிப்பு)

எதிரணிக்கு ஒரு நியாயம் பண்ணிடறேன். எல்லா டவரும் ஒரே நேரத்துல நிரம்பி வழிஞ்சா, கைமாத்து உதவாது. ஒருத்தர் வாங்கினதுக்காக நாலு பேர் பூட்டி வைக்கணும். அன்னைக்குப் பாகப்பிரிவினைதான் மேல். ஒத்துக்கிறேன். ஆனா தங்கச்சி, எல்லா வீட்லயும் ஒரே நாள்ல கல்யாணம் வருஷத்துக்கு எத்தனை தடவைம்மா வருது? (பலத்த கைதட்டல்)

மதினி அன்னைக்கு ஒன்பதரைக்கு வந்து இறங்கினாங்க. டயர் பஞ்சராம். எங்கம்மா ஒரு வார்த்தை பேசலை. சோத்தைப் போட்டுட்டு, அந்த போனை மட்டும் கையில வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாங்க. "இதுக்கா இம்புட்டுக் காசு கொடுத்தீங்க?"ன்னாங்க.

மணி அடிச்சிட்டீங்க நடுவர் அவர்களே. என் அலைவரிசையை எதிரணிக்கு விட்டுக் கொடுத்து உட்கார்றேன்.