ஓட்டு இல்லை, குரல் இருக்கு!

(தலைப்பு: ஊரைத் திருத்த வல்லவர்கள் பெரியவர்களா, பிள்ளைகளா? ‘பிள்ளைகளே’ அணியில் திட்டக்குடி பிளஸ் டூ மாணவி பேசியது.)



எதிரணி அண்ணன் கேட்டாரு: “கரண்ட் பில் கட்டுறது அப்பா. ஃபேனை அணைக்காம ஸ்கூலுக்கு ஓடுறது பிள்ளை. இவங்களா ஊருக்குச் சூரிய ஒளியைப் பத்திச் சொல்லப் போறாங்க?” (சிரிப்பு)

ஃபேன் விஷயம் உண்மைதான் அண்ணே, ஒத்துக்கிறேன். (கைதட்டல்) மீதியைக் கேளுங்க.

எங்க அப்பா இஸ்திரி வண்டிக்காரர். காலையில கரி மூட்டும்போது இருமல் ஆரம்பிக்கும். ராத்திரி படுத்தும் நிக்காது. திருவண்ணாமலையில வினிஷா உமாசங்கர்னு ஒரு பள்ளி மாணவி. தெருவில் எரிந்த கரியைக் கொட்டுவதை நாம எல்லாரும்தான் பார்த்தோம். யோசிச்சது அந்தப் பிள்ளை. வண்டிக் கூரையில சூரியத் தகடு, உள்ளே பேட்டரி. 5 மணி நேர வெயில் கிடைச்சா 6 மணி நேரம் துணி தேய்க்கலாம். 2021 நவம்பரில், கிளாஸ்கோ ஐ.நா. பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னாடி நின்று பேசினார் அந்த மாணவி!

இதை அப்பாகிட்ட சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: “நமக்குக் கட்டுபடியாகுமாம்மா?” என்னால பதில் சொல்ல முடியல.

அய்யா, எங்க மாவட்டத்துக்குக் கரியோட விலை நல்லாத் தெரியும். 1962 முதல் நெய்வேலி நிலக்கரி ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்தது. பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. நன்றி மறக்கல. ஆனா 2023 ஜூலையில், சுரங்கத்துக்கான கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் பச்சை நெற்பயிர் மேலே இயந்திரம் ஏறியதே! அதைப் பார்த்த விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு, வேற வழி இல்லையான்னு கேட்க உரிமை இல்லையா? (கைதட்டல்)

வழி இருக்கு. மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி, 2006-லேயே வங்கிக் கடன் வாங்கிச் சொந்தமாக் காற்றாலை வாங்கியது. தேவைக்குப் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கே விற்றது. வீடுகளுக்கு 2024-ல் மத்திய அரசு அறிவிச்ச சூரிய கூரைத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 வரை மானியம். ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயில்ல நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். எங்க ஊர் வெயிலைப் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா! (சிரிப்பு)

எதிரணி சொல்லும்: “ஓடந்துறையில செஞ்சது பெரியவங்கதானே?” ஆமாம். பணம் உங்க கையில, கையெழுத்து உங்க கையில. எனக்கு ஓட்டுகூட இல்ல. ஆனா எங்க அம்மாவுக்கு இருக்கு. சுத்துப்பட்டு கிராமப் பிள்ளைகளே, அடுத்த கிராம சபைக்கு அம்மா, அப்பாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. பள்ளிக்கூடக் கூரைக்குத் தகடு வேணும், என் அப்பா மாதிரி தொழிலாளிக்குக் கடன் உதவி வேணும்னு தீர்மானம் போடச் சொல்லுங்க.

பெரியவங்க செய்வீங்க. ஆனா யாராவது கேட்கணுமில்ல? அந்த முதல் குரல் பிள்ளையோட குரல். எங்க அப்பா இருமாம தூங்குற ராத்திரிக்காகக் கேட்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)