அம்பை பதினாறின் அங்க அடையாளம்



நெல் ரகங்களைப் பற்றிப் பேச வானொலிக்குத் தனி உரிமை உண்டு. 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் பரவியது. ஜப்பானிய நெல் ஒன்றையும், கிச்சிலிச் சம்பா என்று நாம் அறிந்த ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டுச் சேர்த்து உண்டான ரகம். அந்தச் சேதி விவசாயிகளுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் வானொலி வழியாக. ஆடுதுறை நிலையம் வைத்த பெயரை யார் நினைவில் வைத்தார்கள்? ஜனங்கள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள்.

தாமிரபரணிக் கரையில் அப்படிப் பெயர் எடுத்த நெல் என்றால் அம்பை 16. பதிவேட்டில் அதன் பெயர் ஏ.எஸ்.டி. 16. அம்பாசமுத்திரத்தில் 1937-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-இல் வெளியிட்ட ரகம் அது. கொற்கையிலும் ஏரலிலும் கடைக்குப் போய், இட்லிக்குக் குண்டரிசி வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இந்த அரிசிதான். ஒரு நெல் ரகம் பத்து வருஷம் வயலில் தாக்குப் பிடித்தாலே பெரிய காரியம். அதற்குள் புது நோய் வரும், புது ரகம் வரும், சந்தை மாறும். இந்த நெல் ஒரு தலைமுறையைத் தாண்டி நிற்கிறது. இதற்குப் பின்னால் இதே நிலையத்திலிருந்து வந்த சில தம்பிமார்கூட இந்த அளவுக்குப் பேர் எடுக்கவில்லை.

புது ரகம் உண்டாக்குவதை நான் ஒரு கலை என்பேன். அது விஞ்ஞானம் ஆயிற்றே, அதைக் கலை என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். விஞ்ஞானம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வேலையில் ஒரு கட்டம் இருக்கிறது. அங்கே சூத்திரம் கைகொடுக்காது, கண் ஒன்றுதான் துணை. அந்த இடத்தைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

முதலில் ஒட்டுக்கட்டும் வேலையைப் பார்த்துவிடலாம். நெல்லின் பூ தனக்குத் தானே சூல் கொள்ளும் சாதி. ஆணும் பெண்ணும் ஒரே உமிக்குள் குடியிருக்கின்றன. பூ வாய் திறந்து மூடுவதே ஒரு மணி நேரக் கணக்குதான்; உதிரும் மகரந்தத்துக்கு உயிர் சில நிமிடங்கள். அதனால் தாயாக வேண்டிய கதிரில், மறுநாள் திறக்கப்போகும் பூக்களை முந்தின நாள் சாயங்காலமே தேர்ந்தெடுத்து, உமியின் மேல் பகுதியில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் சூல்முடி காயப்படாமல் எடுக்க வேண்டும். ஒன்று தங்கினாலும் போச்சு. பிறகு காகிதப் பையால் மூடிவிடுவார்கள். மறுநாள் காலை, தகப்பன் ரகம் பூக்கும் நேரம் பார்த்து அதன் கதிரைக் கொண்டுவந்து மேலே உதறுவார்கள். சில வாரம் கழித்து அந்தக் கதிரில் நெல் விளையும். நுனி உமி போனதால் அரிசி தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். பார்க்க விகாரமாகத்தான் இருக்கும், ஆனால் வரப்போகும் ரகம் அதற்குள்தான் இருக்கிறது.

அம்பை 16-க்குத் தாய் ஏ.டி.டி. 31, தகப்பன் கோ. 39. ஒன்று ஆடுதுறை, மற்றது கோயம்புத்தூர். ஏ.டி.டி. 31-இன் பெற்றோரில் ஒன்று 1966-இல் உலகைக் கலக்கிய ஐ.ஆர். 8. அந்த ஐ.ஆர். 8-க்கு இந்தோனேசியாவின் பெட்டா என்ற உயரமான நெல் ஒரு பக்கம், தைவானின் குட்டை நெல் மறுபக்கம். நம் அம்பாசமுத்திரத்து நெல்லுக்குக் கடல் தாண்டி எத்தனை உறவு பாருங்கள். தகப்பன் கோ. 39 பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குலைநோய் வந்தால் முதலில் படுத்துவிடும் நெல் அது. அந்தப் பலவீனத்துக்காகவே உலகத்து நெல் ஆய்வகங்களில் அதை வளர்க்கிறார்கள். குலைநோயை எதிர்க்கும் மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க இப்படி ஒரு சாது ரகம் வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றையா பெற்றோராக எடுத்தார்கள் என்றால், ஆம். குறையே இல்லாத இரண்டு ரகங்களைத் தேடிப் பிடித்து ஒட்டுக்கட்டுவது என்பது நடக்கிற காரியம் இல்லை. ஒன்றின் குறையை மற்றது மூடும் பேரன் பேத்தி எங்காவது பிறக்கும், அதைக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கைதான் மூலதனம்.

அந்தக் கண்டுபிடிப்பில்தான் கலை வருகிறது. முதல் தலைமுறைப் பயிர் எல்லாம் ஒரே மாதிரி நிற்கும், பார்க்கச் சுவாரசியமே இராது. அதன் விதையை விதைத்தால் இரண்டாம் தலைமுறையில் வயலே கலகலத்துப் போகும். நெட்டை, குட்டை, முந்தி பூப்பது, பிந்தி பூப்பது, கதிர் நீண்டு மணி சிறுத்தது, மணி பெருத்துப் பாதி பதரானது என்று ஆயிரக்கணக்கில் நிற்கும். ஒன்றைப் போல் மற்றொன்று இராது. அந்த வயலுக்குள் நடந்து, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும். வைத்துக்கொள்வது கொஞ்சம், தள்ளுவது மிச்சம் எல்லாம். கதிர் பெரிதாக இருக்கிறதே என்று மயங்கினால், அந்தக் கதிரைத் தாங்கும் தண்டு அதற்கு இராது. தூர் நிறைய வெடித்திருக்கிறதே என்று எடுத்தால், பாதித் தூரில் கதிரே வராது. வரப்போரத்துப் பயிர் எப்போதும் செழிப்பாகத்தான் நிற்கும், அது வெயிலும் உரமும் கூடுதலாகக் கிடைத்த செழிப்பு. அதைக் கணக்கில் கழித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இதெல்லாம் பல பட்டம் வயலில் நின்று பழகிய கண்ணுக்கு மட்டுமே வசப்படும்.

தேர்ந்த செடியின் விதையைத் தனி வரிசையாக விதைத்தால் அதிலும் பிரிவு தெரியும். மறுபடி தேர்வு. தலைமுறைக்குத் தலைமுறை கலப்பு பாதியாகும்: இரண்டாம் தலைமுறையில் பாதி, மூன்றாவதில் கால், ஆறாவதில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அதன் பிறகுதான் வரிசை முழுக்க ஒரே முகமாக நிற்கும். பிறகு விளைச்சல் சோதனை, பல ஊர்ச் சோதனை, விவசாயியின் வயலில் சோதனை. அவசரக்காரருக்கு இந்தத் தொழில் ஆகாது.

எல்லாப் பயிருக்கும் இவ்வளவு காத்திருப்பு இல்லை. மகாபலேஸ்வரத்திலும் ஊட்டிப் பக்கத்திலும் ஸ்ட்ராபெரி வளர்க்கிறார்கள். அதில் புது ரகம் எடுப்பவரைப் பார்த்து நெல்காரர் பொறாமைப்படலாம். இன்று உலகம் தின்னும் பெரிய ஸ்ட்ராபெரியே பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸில் தற்செயலாய் உண்டான ஒட்டு. சிலியிலிருந்து பிரெசியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1714-இல் கொண்டுவந்த செடியும், வட அமெரிக்கச் செடியும் தோட்டத்தில் அருகருகே நின்று கலந்தன. ஸ்ட்ராபெரிச் செடிக்கு ஓடுதண்டு உண்டு. ஆயிரம் நாற்றில் ஒன்று நன்றாக வந்துவிட்டால் போதும், அதன் ஓடுதண்டுக் கன்றை எடுத்து நட்டுக்கொண்டே போகலாம், அச்சு மாறாது. நம் வாழைத் தோப்பில் பக்கக்கன்று பிரித்து நடுகிறோமே, அதே சமாசாரம். நெல்லுக்கு அந்த வசதி இல்லை. விதைக்குள் எல்லாம் ஒன்றுபட்டு அடங்கும் வரை காத்திருந்தே தீர வேண்டும்.

சரி, ரகம் கிடைத்துவிட்டது. அடுத்து அதை வர்ணிக்க வேண்டும். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு ரகத்தைப் பதிய வேண்டுமானால், அது வேறுபட்டது, சீரானது, தலைமுறை தோறும் மாறாதது என்று காட்ட வேண்டும். நெல்லுக்கு 62 குணங்கள் பட்டியலில் உள்ளன. அடியிலைத் தாள்மடலின் நிறம் பச்சையா, ஊதாக் கோடு ஓடியதா? சூல்முடி வெள்ளையா, மஞ்சளா, ஊதாவா? நுனியில் மீசை உண்டா? கதிர் கண்ணாடி இலையை விட்டு முழுக்க வெளியே வருகிறதா, கழுத்து உள்ளேயே சிக்குகிறதா? அரிசியைக் காரக் கரைசலில் 23 மணி நேரம் ஊறப்போட்டு எவ்வளவு கரைகிறது என்றுகூடப் பார்ப்பார்கள். இரண்டு இடத்தில், இரண்டு பட்டம் பார்த்துத்தான் எழுதுவார்கள்.

இந்தப் பட்டியலைப் படித்தவர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இலைக்காதின் நிறத்தை எழுதியிருக்கிறார்கள், இட்லி எப்படி வரும் என்று எழுதவில்லையே என்பார்கள். நியாயம்தான், ஆனால் அது அந்தத் தாளின் வேலை இல்லை. பள்ளிச் சான்றிதழில், வலது முழங்கையில் ஒரு மச்சம் என்று அங்க அடையாளம் எழுதுகிறார்கள். பையன் கெட்டிக்காரனா என்று அந்த வரி சொல்லாது, இவன்தான் அவன் என்று மட்டும் சொல்லும். நல்ல ரக வர்ணனையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. விதைக்கடையில் தொங்கும் வண்ணத் தாளில் அதிக மகசூல், பூச்சி எதிர்ப்பு, கொழுத்த லாபம் என்று எழுதியிருப்பதெல்லாம் புகழ்ச்சி. எந்த ரகத்தின் பெயரை அதில் போட்டாலும் பொருந்தும். இந்த வறண்ட 62 வரியோ ஒரே ஒரு நெல்லுக்கு மட்டும் பொருந்தும். வயலில் ஆயிரத்தைத் தள்ளி ஒன்றை எடுத்த அதே கண்தான் இங்கே பெருமைச் சொற்களையும் தள்ளுகிறது.

சிவகளை நமக்குப் பக்கம். அங்கே முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் பொது ஆண்டுக்கு முன் 1155 என்று ஆய்வில் தெரிந்ததும், 2021-இல் அதைச் சட்டமன்றத்தில் அறிவித்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கும். அந்த உமியின் நீள அகலத்தை அளக்கலாம். ஆனால் அதன் தாள்மடல் என்ன நிறம், எத்தனை நாளில் பூத்தது, தண்டு சாய்ந்ததா நிமிர்ந்து நின்றதா என்று எந்த ஆய்வகமும் இனிச் சொல்ல முடியாது. 62 குணங்களில் பெரும்பாலானவை பயிர் உயிரோடு நிற்கும்போது எழுதி வைத்தால்தான் உண்டு.

ஆனாலும் அம்பை 16 இத்தனை காலம் நின்றதற்கான காரணம் அந்தத் தாளில் ஒரே ஒரு வரியில்தான் தெரிகிறது. வயது 110 முதல் 115 நாள். பாபநாசம் அணையில் நீர் இருந்து ஜூன் தொடக்கத்தில் கார் பருவத்துக்குத் தண்ணீர் விட்டால், செப்டம்பர் முடிவதற்குள் நெல் களத்துக்கு வந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் அறுப்பு. பின்னாலேயே அடுத்த பருவமான பிசானத்துக்கு நாற்றங்கால். எட்டு அணைக்கட்டுகளையும் கடந்து கடைசியாகத் தண்ணீர் பார்க்கும் எங்கள் கொற்கைப் பக்கத்துக் கடைமடைக்காரருக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும். தண்ணீர் தாமதமாக வரும், சீக்கிரம் நிற்கும். பத்து நாள் கூடுதலாக நிற்கிற பயிர், எவ்வளவு நல்ல ரகமானாலும், இங்கே கடைசித் தண்ணீர் கிடைக்காமல் சாவியாகிப் போகலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. அரசுக் கொள்முதலில் அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்து 2.5-க்குக் குறைந்தால் சாதாரண ரகம், மேலே போனால் சன்ன ரகம். குண்டு நெல்லான அம்பை 16-க்குச் சாதாரண விலைதான். இட்லி மாவு பொங்கி நிற்பதற்கு அந்த வகுத்தல் கணக்கில் இடமில்லை. வீட்டுப் பெண்களும் இட்லிக் கடைக்காரர்களும் போட்ட மதிப்பெண்ணாலும்தான் இந்த நெல் பிழைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆராய்ச்சி நிலையம் ரகத்தை வெளியிடலாம். அதை வயலில் நிறுத்துவது அடுப்படி.

கடைசியாக ஒரு சேதி. மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் மாவட்டத்துச் சிறு விவசாயி தாதாஜி கோப்ரகடே. 1983-இல் தம் நெல் வயலில் மாறுபட்டு நின்ற மூன்று கதிர்களைக் கண்டு தனியே எடுத்து வைத்தார். அவற்றை ஆண்டுக்கு ஆண்டு விதைத்துத் தேர்ந்து ஒரு சன்ன ரகம் எடுத்தார். அந்தக் காலத்தில் மோஸ்தராக இருந்த கைக்கடிகாரத்தின் பெயரால் அதற்கு எச்.எம்.டி. என்று பெயர் வந்தது. பல மாநிலங்களில் பரவியது. அவரிடம் ஆய்வகமும் இல்லை, பட்டியலும் இல்லை. 2018-இல் காலமானார்.

பிசானத்தில் கலவன் எடுக்க வயலில் இறங்கும்போது நேயர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம். வேறு மாதிரி நிற்கிற பயிரையெல்லாம் பிடுங்கித்தான் ஆக வேண்டும், விதைநெல் வயலானால் கட்டாயம். ஆனால் ஒன்று கண்ணுக்குப் பிடித்துப்போனால் அதில் ஒரு நூலைக் கட்டி வையுங்கள். பூத்த தேதியைக் குறியுங்கள். கதிரைத் தனியாக அறுத்து, அடுத்த பட்டத்தில் தனி வரிசையாக நடுங்கள். பத்துச் செடியும் பத்து விதமாக வந்தால் அது பக்கத்து வயல் மகரந்தம் செய்த வேலை. பொறுமை இருந்தால் தேர்ந்துகொண்டே போகலாம். பத்தும் ஒரே மாதிரி வந்து, அக்கம்பக்கத்தில் எந்த நெல்லையும் போல் இல்லாமல் நின்றால், கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி நமக்குத் தூரம் இல்லை. அங்கே போகும்போது கதிரை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், வேரோடு ஒரு தூரும் வேண்டும். அடியிலைத் தாள்மடலின் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.