ஏப்ரலுக்கு முன் புறப்படும் விருந்தாளிகள்

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவுக்குக் கூட்டம் வந்துவிடும். ஆனால் விக்டோரியா பூங்காவின் அருமையான விருந்தாளிகள் அதற்குள் மூட்டை கட்டத் தொடங்கியிருப்பார்கள். அவர்கள் வலசைப் பறவைகள்.

விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டி, 1897-இல் பெயர் பெற்ற பூங்கா இது. நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. ஓடைக்கரைப் புதர்களில் ஆறுமணிக்குருவி இலைகளைக் கிளறும். மேலே கிளையில், செம்மஞ்சள் மார்பும் அதைச் சுற்றிக் கறுப்புக் கரையுமாகக் காஷ்மீர் ஈப்பிடிப்பான் உட்கார்ந்திருக்கும். காஷ்மீரிலும் அதை ஒட்டிய இமயமலைக் காடுகளிலும் கூடு கட்டும் அந்தப் பறவையைத் தேடி, வெளிநாடுகளிலிருந்தே ஆட்கள் இங்கே வருகிறார்கள்.

எனக்கு அதைவிட வியப்பு, இலைக் கதிர்க்குருவிகள்தான். இலையின் நிறம், எடையோ மிகக் குறைவு. ஒரு வகை இமயமலையிலிருந்து வருகிறது, இன்னொன்று காக்கேசிய மலைகளிலிருந்து. கண்ணால் தேடினால் அகப்படாது, காதால்தான் பிடிக்க வேண்டும். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் நிழல் மரங்களில் அந்தக் கூர்மையான குரலைக் கேட்டிருப்பீர்கள்.

மார்ச்சில் இந்த வலசைப் பறவைகள் பூச்சிகளையும் புழுக்களையும் ஓயாமல் தின்று, உடம்பில் கொழுப்பைச் சேர்க்கும். பயணம் பெரும்பாலும் இரவில். எரிபொருள் அந்தக் கொழுப்புத்தான். அதனால் அவற்றுக்கு இரை கிடைக்கும் ஓடையோரப் புதர்களை வெட்டி வெறுமையாக்காதீர்கள், குப்பையை ஓடையில் கொட்டாதீர்கள். பறவைகளைப் பார்க்க, காலை ஏழு மணிக்குள் பூங்கா வாசலுக்குப் போய்விடுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.